நந்தியாவட்டையைத் தின்னும் நீலக்கண் புழு: அரளி அந்துப்பூச்சியின் உருவமும் வாழ்க்கையும்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: மொட்டைமாடியில் தொட்டியில் வைத்திருக்கும் நந்தியாவட்டைச் செடியின் இலைகள் ஒரு வாரத்தில் பாதி காணாமல் போய்விட்டன. தேடிப் பார்த்தால் கிளையில் விரல் தடிமனுக்கு ஒரு பச்சைப் புழு, தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள், வால் பக்கம் ஒரு சிறு கொம்பு. இது கொட்டுமா, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆபத்தா, மருந்து அடிக்கலாமா, விட்டுவிட்டால் என்னவாக மாறும் என்பவை அவருடைய கேள்விகள்.

முதலில் சுருக்கமான விடை. கொட்டாது, கடிக்காது, உடம்பில் அரிப்பு உண்டாக்கும் முடி ஒன்றுகூட அதற்குக் கிடையாது. மருந்து அடிக்கத் தேவையில்லை. அது அரளி அந்துப்பூச்சியின் புழு. ஆங்கிலத்தில் ஓலியாண்டர் ஹாக் மாத் என்று அழைக்கப்படுவதும், 1758-இல் கார்ல் லின்னேயஸ் முதன்முதலில் விவரித்ததும், இன்று டாஃப்னிஸ் நெரீ என்ற அறிவியல் பெயரால் அறியப்படுவதும் இந்த இனம்தான். இந்தியாவில் காணப்படும் அந்துப்பூச்சிகளுள் இதைவிடப் பெரியவை சில உண்டு. இதைவிட அழகானது ஒன்று உண்டென்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்கள் செடி ஒரு மாதத்தில் மறுபடி தழைத்துவிடும். அந்தப் புழுவுக்கு இனிமேல் வரப்போகும் இடர் வேறு ஒன்று. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் உதவக்கூடிய இடம் அதுதான்.

ஆப்பிரிக்காவிலும் தெற்கு ஆசியாவிலும் இது ஆண்டு முழுவதும் வாழ்கிறது. கோடையில் வடக்கு நோக்கிப் பறந்து ஐரோப்பாவுக்குள் நுழைந்து, சில ஆண்டுகளில் இங்கிலாந்து வரைகூடச் சென்றுவிடும். அங்கே குளிர்காலத்தைத் தாங்க முடியாமல் மடிந்துபோவதால், அந்த நாட்டவர்களுக்கு அது எப்போதோ கிடைக்கும் அரிய காட்சி. நமக்கோ அது வீட்டுச் செடியில் பிறந்து வளரும் உயிர். காலடிப்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் மாடித் தொட்டிகளில் வளர்கிறது என்று சொன்னால் அவர்கள் பொறாமைப்படுவார்கள்.

வடசென்னையில் இது இவ்வளவு இயல்பாக இருப்பதற்குக் காரணம் நாம் வளர்க்கும் செடிகள். இந்தப் புழு அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி, அடினியம் ஆகியவற்றைத் தின்னும். நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அரளி உப்புக்காற்றையும் வெயிலையும் வறட்சியையும் புகையையும் தாங்கும். ஆடு மாடும் வாய் வைக்காது. அதனால்தான் நெடுஞ்சாலை நடுத்திட்டுகளிலும் தொழிற்சாலைச் சுவர்களின் ஓரத்திலும் அதையே நடுகிறார்கள். நந்தியாவட்டையோ பூஜைக்கு அன்றாடம் நாலு பூ தருகிறது என்பதற்காகவே இடமில்லாத வீட்டிலும் ஒரு தொட்டியில் இருக்கும். நித்தியகல்யாணி யாரும் நடாமலே சுவர் வெடிப்பில் முளைக்கும். எண்ணூர், மணலிப் பக்கம் காற்று எப்படி இருந்தாலும் இந்தப் பூச்சிக்கு உணவுப் பஞ்சம் வராது.

இப்போது வாழ்க்கைச் சுற்றை முட்டையிலிருந்து பார்ப்போம். பெண் அந்துப்பூச்சி இருட்டிய பின் செடிக்கு வந்து, இளம் இலைகளில் ஒவ்வொரு முட்டையாகத் தள்ளித் தள்ளி இடுகிறது. இலையின் மேற்பக்கத்திலும் இடும், அடிப்பக்கத்திலும் இடும். முட்டை வெளிர்பச்சை நிறம், பளபளப்பானது, ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர், அதாவது ஒரு கேழ்வரகு மணி அளவே இருக்கும். தளிரின் நிறத்திலேயே இருப்பதால், தேடித் தெரிந்தவர்கள்தாம் கண்டுபிடிப்பார்கள். குவியலாக இடாமல் தனித்தனியே இடுவதில் ஒரு நன்மை உண்டு: இவ்வளவு தின்னும் புழுக்கள் பத்து இருபது ஒரே கிளையில் பிறந்தால் எதுவுமே வளர்ந்து முடிக்காது. நம் வெப்பத்தில் சில நாள்களிலேயே முட்டை பொரிந்துவிடும்.

வெளியே வரும் குஞ்சுப் புழு மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம்தான், நிறம் மஞ்சள், வாலில் உடம்புக்குப் பொருத்தமில்லாத நீளத்தில் கறுத்த மெல்லிய கொம்பு. அந்த வயதில் இதைப் பார்ப்பவர்களுக்கு இது வளர்ந்தபின் உள்ள புழுவோடு எந்த உறவும் தெரியாது. முதலில் முட்டை ஓட்டைத் தின்னும், பிறகு தளிரைச் சிறிது சிறிதாகச் சுரண்டும். முதல் தோலுரிப்புக்குப் பின் பச்சையாகிவிடும். மொத்தம் ஐந்து பருவங்கள். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒரு நாள் போல அசையாமல் இருந்து, பழைய தோலைக் கழற்றிவிட்டு, பெரும்பாலும் அதையும் தின்றுவிட்டு, மறுபடி இலைக்குத் திரும்பும். தொட்டிச் செடியில் புழு 'செத்துப்போய்விட்டது' என்று எண்ணி எடுத்து எறியப்படுவது பல நேரம் இந்த ஓய்வில்தான். தோலுரிக்கக் காத்திருக்கும் புழுவைத் தொடக்கூடாது. கால் பிடி விட்டுப்போனால் பழைய தோலிலிருந்து வெளியே வர முடியாமல் மடிந்துவிடும்.

நீங்கள் கண்டது கடைசிப் பருவம். ஏழரை முதல் எட்டரை சென்டிமீட்டர் வரை நீளம் வரும். உடம்பு இளம்பச்சை, பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு வால் வரை ஓடும், அதைச் சுற்றி வெண்மையும் நீலமும் கலந்த பொடிப் புள்ளிகள் தெளித்திருக்கும். சிறுவயதில் நீண்டு கறுத்திருந்த கொம்பு இப்போது குட்டையாக, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில் சற்றே வளைந்து நிற்கும். அந்தக் கொம்பு மிருதுவானது. அதனால் குத்த முடியாது, அதில் விஷமும் இல்லை. முன்னால் மூன்று இணை உண்மையான கால்கள், நடுவில் நான்கு இணைச் சதைக்கால்கள், கடைசியில் ஓர் இணைப் பிடிகால்கள். கிளையைப் பிடித்திருக்கும்போது கவனித்தால் எடை முழுவதையும் பின்னங்கால்களில் வைத்து, முன்பகுதியைத் தூக்கிக்கொண்டு இலையின் ஓரத்தை மேலிருந்து கீழாகச் சீராக அரிந்துகொண்டே வரும். நடுநரம்பைக்கூடச் சில நேரம் மிச்சம் வைக்காது.

அந்த நீலக் கண்கள் கண்களே அல்ல. புழுவின் உண்மையான கண்கள் தலையின் இரு பக்கத்திலும் சின்னஞ்சிறு புள்ளிகளாக இருக்கும். வெளிச்சத்தையும் இருட்டையும் உணர்வதற்கு மேல் அவற்றால் பெரிதாகப் பயன் இல்லை. நீலமாகத் தெரிவது மார்புப் பகுதியின் மூன்றாவது கண்டத்தின் மேல் உள்ள இரண்டு புள்ளிகள்; நடுவில் வெளிர்நீலம், சுற்றிலும் கருவளையம். மூன்றாவது பருவத்தில்தான் அவை தெரியத் தொடங்கும். அமைதியாகத் தின்னும்போது தோல் மடிப்பில் அவை பாதி மறைந்திருக்கும். யாராவது கிளையை அசைத்தால் புழு தலையை உள்ளிழுத்துக் குனிந்து முன்பகுதியை உப்பச் செய்யும். அப்போது மடிப்பு விரிந்து இரண்டு நீல வட்டங்களும் முழுமையாகத் திறந்துகொள்ளும். கொத்த வந்த குருவிக்கு எதிரே சட்டென்று பெரிய கண்ணுள்ள ஒரு பிராணி நிற்பதாகத் தோன்றி அது ஒரு நொடி தயங்கினால், புழுவுக்கு அந்த ஒரு நொடி போதும். நீங்கள் ஒரு குச்சியால் கிளையை மெதுவாகத் தட்டிப் பாருங்கள், தவறில்லை. ஆனால் திரும்பத் திரும்பச் செய்தால் தின்றதை எல்லாம் பச்சை நீராகக் கக்கிவிடும். அதற்கு மேல் தொல்லை கொடுக்க வேண்டாம்.

குழந்தைகளைப் பற்றிய கேள்விக்கு இங்கே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆபத்து புழுவில் இல்லை, செடியில் இருக்கிறது. அரளியின் எல்லாப் பாகத்திலும் ஓலியாண்ட்ரின் போன்ற நச்சுப் பொருள்கள் உள்ளன. உயிரணுக்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மாற்றும் இயக்கத்தை அவை தடுப்பதால் இதயத் துடிப்பே தடம் மாறும். நந்தியாவட்டையில் அதே நஞ்சு இல்லை, வேறு வகை ஆல்கலாய்டுகள் உள்ளன. நித்தியகல்யாணியில் உள்ள ஆல்கலாய்டுகளிலிருந்தோ வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்படுகின்றன. மனிதனுக்கு இவ்வளவு கேடான இலைகளைத் தின்று இந்தப் புழு கொழுத்து வளர்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பே. எருக்கைத் தின்னும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி, அந்தச் செடியின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு, பளிச்சென்ற நிறத்தால் 'என்னைத் தொடாதே' என்று அறிவிக்கும். அரளி அந்துப்பூச்சி அப்படி அறிவிப்பதில்லை. புழுவாக இருக்கும்போதும் சரி, சிறகு வந்தபின்னும் சரி, ஒளிந்து பிழைப்பதே அதன் வழி. ஆகவே குழந்தை புழுவைப் பார்க்கட்டும், கையில் ஏந்தினாலும் ஒன்றும் ஆகாது. செடியின் பால் பட்ட கையை வாயிலோ கண்ணிலோ வைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். அரளி இலையையும் பூவையும் வாயில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்.

இலை குறைகிறது, புழுவைக் காணவில்லை என்று சிலர் சொல்வார்கள். எட்டு சென்டிமீட்டர் நீளப் புழு கண்முன்னே இருந்தும் தெரியாது, ஏனென்றால் அது தண்டோடு ஒட்டி நடுநரம்பின் நிழலில் படுத்திருக்கும். அப்போது செடியைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். சிமெண்ட் தரையில் கரும்பச்சை நிறத்தில் சிறு உருளைகள் சிதறிக் கிடக்கும். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் நீளவாக்கில் ஆறு பள்ளங்கள் ஓடியிருக்கும். இந்தக் குடும்பத்துப் புழுக்களின் எச்சத்துக்கு உரிய வடிவம் அது. புதிதாக ஈரமாக இருக்கும் எச்சத்துக்கு நேர் மேலே தலையை உயர்த்தினால் புழு அங்கேதான் இருக்கும். எச்சம் பெரிதாகப் பெரிதாகப் புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடலாம்.

முட்டையிலிருந்து வெளிவந்து இரண்டு முதல் மூன்று வாரங்களில் புழு வளர்ச்சியை முடிக்கும். பிறகு ஒரு நாள் தின்பதை நிறுத்திவிட்டு, பச்சை நிறம் மங்கி, முதுகுப்பக்கம் பழுப்பாகவும் கருமையாகவும் மாறும். நோய் வந்துவிட்டது என்று அஞ்ச வேண்டாம். கூட்டுப்புழுவாகப் போகிறது என்பதற்கு அதுவே அடையாளம். உடனே செடியை விட்டு இறங்கி வேகமாக நடக்கத் தொடங்கும். இதற்கு முன் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குப் போகவே தயங்கிய புழு, இப்போது மீட்டர் கணக்கில் நடக்கும். அது தேடுவது தரையில் சருகும் இளகிய மண்ணும் சேர்ந்து கிடக்கும் ஒரு மறைவிடம். அங்கே சில சருகுகளைப் பட்டு நூலால் தளர்வாகப் பிணைத்து, அதற்குள் கடைசித் தோலைக் கழற்றிக் கூட்டுப்புழுவாகும்.

நான் முதலில் குறிப்பிட்ட இடர் இதுதான். சாலை நடுத்திட்டில் மண் உண்டு. பழைய ரயில்வே குடியிருப்புகளில் மரமும் சருகும் உண்டு. மொட்டைமாடியில் என்ன இருக்கிறது? வெயிலில் கொதிக்கும் தளம், சுண்ணாம்பு அடித்த கைப்பிடிச் சுவர், மழைநீர்க் குழாய். செடிக்குக் கீழே விழும் சருகையும் அன்றன்றே பெருக்கிவிடுகிறோம். புழு இரவெல்லாம் சுற்றிச் சுற்றி வந்து, மறுநாள் எறும்புக்கு இரையாகும், காக்கை தூக்கிப்போகும், அல்லது யார் காலிலாவது மிதிபடும். மாடித் தோட்டங்களில் வளர்ந்த புழுக்கள் அந்துப்பூச்சியாகாமல் போவதற்கு, பூச்சிமருந்துக்கு அடுத்தபடி, இந்தச் சுத்தமே காரணம் என்பது என் கணிப்பு. உணவை நாம் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அது உறங்கும் இடத்தைப் பறித்துவிடுகிறோம்.

கூட்டுப்புழு ஐந்து முதல் ஏழரை சென்டிமீட்டர் நீளம்; இளம்பழுப்பு நிறம்; நடுவே, நாக்கு உருவாகும் பகுதியை ஒட்டி ஒரு கருங்கோடு ஓடும்; பக்கங்களில் மூச்சுத்துளைகள் இருக்கும் இடங்களில் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். தொட்டால் பின்பகுதியை வெடுக்கென்று அசைக்கும். உள்ளே புழுவின் தசைகள் பெரும்பாலும் கரைந்து, சிறகும் உணர்கொம்பும் நீண்ட நாக்கும் உருவாகின்றன. சென்னை வெப்பத்தில் இதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும்; மார்கழிக் குளிர்ச்சியில் இன்னும் சில நாள்கள் கூடலாம். வெளிவருவதற்கு முந்தைய நாளில் கூட்டின் நிறம் கறுத்து, மேல்தோலின் வழியே சிறகின் பச்சை மங்கலாகத் தெரியும்.

பெரும்பாலும் இருட்டிய பிறகு ஓடு பிளந்து பூச்சி வெளியே வரும். அந்த நேரத்தில் சிறகுகள் நகம் அளவுக்குச் சுருண்ட ஈரத் துண்டுகளாகவே இருக்கும். உடனே அருகில் உள்ள குச்சியிலோ சொரசொரப்பான சுவரிலோ ஏறித் தொங்க வேண்டும். தொங்கினால்தான் உடம்பின் திரவம் சிறகு நரம்புகளுக்குள் பாய்ந்து சிறகு முழு அளவில் விரியும், பிறகு காய்ந்து விறைக்கும். ஏற இடமில்லாமல் தரையிலேயே கிடந்தால் சிறகு மடிந்தபடியே காய்ந்துபோகும், அதன்பின் பறக்கவே முடியாது. இரண்டு பாதிகளாக வெளிவரும் நாக்கையும் இந்த நேரத்தில்தான் அது ஒன்றோடொன்று பொருத்தி ஒரே குழலாக்கிக்கொள்ளும்.

வளர்ந்த பூச்சியின் சிறகு விரிப்பு ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர் வரை இருக்கும். முன்சிறகில் ஆலிவ் பச்சையின் பல சாயல்கள் வளைந்து வளைந்து ஓடும். நடுவே குறுக்காக இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த ஒரு பட்டை. நுனிப்பக்கம் ஊதா சாயல் படிந்த பரப்பு. சிறகு உடம்போடு சேரும் இடத்தில் வெளிர்ந்த திட்டு, அதன் நடுவில் ஒரு கரும்பச்சைப் புள்ளி. பின்சிறகின் உட்பகுதி சாம்பல் கலந்த பழுப்பு, வெளிப்பகுதி பச்சை, இடையே ஒரு வெண்கோடு. உட்காரும்போது பின்சிறகை மறைத்துக்கொள்ளும். இலைகளுக்கு நடுவே இருந்தால் கை வைக்கும் தூரத்திலும் தெரியாது. ஆணும் பெண்ணும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான். பெண்ணுக்கு வயிறு சற்றுப் பருத்திருக்கும்.

நம் பகுதியில் பலர் இதைக் காண்பது இலை நடுவே அல்ல, காலையில் குழல்விளக்குக்குக் கீழே சுவரில். இரவில் விளக்கால் ஈர்க்கப்பட்டு வந்து, விடிந்ததும் அப்படியே தங்கிவிடும். வெள்ளைச் சுவரில் அந்தப் பச்சை நன்றாகத் தெரிவதால் காக்கைக்கும் எளிதில் கிடைத்துவிடும். அப்படிக் கண்டால் ஒரு அட்டையில் ஏற்றி, அடர்ந்த செடியின் நிழலில் விட்டுவிடுங்கள். விரலைக் கண்டதும் அது சிறகை நடுக்கினால் அது பயமோ நோயோ அல்ல. பறப்பதற்கு முன் மார்புத் தசைகளைச் சூடேற்றுகிறது. சூடு ஏறியவுடன் ரீங்காரத்தோடு எழுந்து போய்விடும்.

அந்தி மயங்கியதும் தேனுக்கு வரும். மல்லிகை, அந்திமந்தாரை போன்ற, மாலையில் விரிந்து மணக்கும் நீண்ட குழல் பூக்களை நாடும். பூவின்மேல் உட்காராது, முன்னால் காற்றில் நின்றபடியே நாக்கை நீட்டி உறிஞ்சிவிட்டு அடுத்த பூவுக்குத் தாவும். அப்படித் தாவும்போது மகரந்தத்தையும் கொண்டு செல்கிறது. சில நாள்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கும் அந்த வாழ்வில் இணை சேர்ந்து, முட்டையிட்டு, முடிந்துவிடும். இங்கே உறைய வைக்கும் குளிர் இல்லாததால் ஆண்டு முழுவதும் தலைமுறைகள் தொடரும். மழைக்குப் பின் செடிகள் தளிர்விடும் வாரங்களில்தான் புழுக்களை அதிகம் பார்த்திருக்கிறேன்.

இத்தனை முட்டைகளும் பிழைத்தால் ஊரில் ஒரு நந்தியாவட்டையும் மிஞ்சாது. அப்படி ஆகாமல் பார்த்துக்கொள்ள நிறைய பேர் இருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒட்டுண்ணிக் குளவிகள் முட்டைக்குள்ளேயே முட்டையிடும். சில ஈக்களும் குளவிகளும் புழுவின் உடம்புக்குள் வளரும். செண்பகம், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் புழுவைத் தேடித் தின்னும். வௌவால்கள் பறக்கும் பூச்சியைப் பிடிக்கும். மருந்து அடித்தால் இந்தக் குளவிகளும் சேர்ந்தே அழியும்.

ஒரே கொம்பு, ஒரே பச்சை என்று எல்லாவற்றையும் இதுவாக எண்ணிவிட வேண்டாம். சேம்பிலும் காசித்தும்பையிலும் காணும் கண்புள்ளிப் புழு இதே குடும்பத்தின் வேறு இனம். கத்தரியிலும் எள்ளிலும் வரும் பெரிய புழு, முதுகில் மண்டையோட்டுக் குறி உள்ள அந்துப்பூச்சியாகும். அரளியிலேயே கறுப்பும் வெள்ளையும் வளையமிட்டு, முதுகில் நான்கு இணைக் கருநிற இழைகளோடு ஒரு புழு இருந்தால் அது அந்துப்பூச்சியே அல்ல. வெள்ளிபோல் மின்னும் கூடு கட்டித் தொங்கும் ஒரு பட்டாம்பூச்சியின் புழு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. வளர்ந்த புழு இன்னும் சில நாள்கள்தான் தின்னும். செடி சிறியது என்று தோன்றினால் கிளையோடு வெட்டி, பக்கத்தில் உள்ள பெரிய நந்தியாவட்டையில் வைத்துவிடுங்கள். நந்தியாவட்டையில் வளர்ந்ததை அரளிக்கு மாற்ற வேண்டாம். நடுவில் உணவு மாறினால் சில புழுக்கள் தின்ன மறுத்துவிடும். வேப்ப எண்ணெயும் வேண்டாம், அதுவும் புழுவைக் கொல்லும். தொட்டிக்குப் பக்கத்தில் நிழலான மூலையில் ஓர் அகலமான தொட்டியையோ பழைய பிளாஸ்டிக் வாளியையோ வைத்து, நாலு விரல் ஆழத்துக்கு மண்ணும் அதன்மேல் காய்ந்த இலைகளும் போட்டு, ஒரு குச்சியைச் சாய்த்து நட்டு வையுங்கள். புழு பழுப்பாகி இறங்கும் நாளில் கையால் எடுத்து அதில் விட்டால் சருகுக்குள் புகுந்துகொள்ளும். மேலே கொசுவலைத் துணியைத் தளர்வாகக் கட்டினால் காக்கையும் பல்லியும் நெருங்காது. மண் கட்டியாகக் காய்ந்துபோகாமல் மூன்று நாளுக்கு ஒருமுறை லேசாகத் தெளித்தால் போதும், ஈரம் சொட்டக் கூடாது. பத்தாவது நாளிலிருந்து ஒவ்வொரு மாலையும் வலையைத் திறந்து பாருங்கள். பூச்சி வெளிவந்து குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தால் தொடாமல், வலையை எடுத்துவிட்டு, மாடி விளக்கை அணைத்துவிடுங்கள்.